கல்யாண வேலை யார் கையில்?

"ஆடம்பரம் வேண்டாம். நெருங்கியவர்கள் மட்டும் வந்தால் போதும். முடிந்த வரை எல்லாவற்றையும் நம் கையாலேயே செய்துகொள்வோம்." இப்படிச் சொல்லும் மணமக்கள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் நிச்சயதார்த்தம் முடிந்த கொஞ்ச நாளிலேயே அந்த ஆசை ஓரங்கட்டப்பட்டுவிடுகிறது. மண்டபம் பிடித்தாகிவிட்டது, அழைக்க வேண்டியவர்கள் எண்ணூறு பேர், சமையல் காண்டிராக்ட், மேடை அலங்காரம் தனி. கடைசியில் 'கிராமிய அலங்காரம்' என்று ஒரு தொகை வாங்கிக்கொண்டு, மேடைக்குப் பின்னால் மூங்கில் கூடையும் பித்தளைக் குடமும் வைத்துத் தருகிறார்கள். கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தால் சாமந்திப் பூ துணி, வாழைமரம் பிளாஸ்டிக்.

கையால் செய்ததுபோலத் தோன்றுவதை விலைக்கு வாங்கிவிடலாம். கல்யாணம் நம்முடையதாக அமைவது வேறு இரண்டு முடிவுகளில் இருக்கிறது: எத்தனை பேரை அழைக்கிறோம், வேலையை யார் செய்கிறார்கள். இவை இரண்டையும் முதலில் பேசி முடிக்காமல் அழைப்பிதழுக்குக் காகிதம் தேடப் போகிறவர்கள் பாதி வழியில் களைத்துப்போகிறார்கள். தமிழ்க் கல்யாணத்தின் நீண்ட கதையும் இதைத்தான் காட்டுகிறது என்று நினைக்கிறேன்.

எளிய கல்யாணத்துக்குப் பழைய சான்று தேடுகிறவர்கள் முதலில் எடுப்பது அகநானூற்றின் 86ஆம் பாட்டை. நல்லாவூர் கிழார் பாடியது. அங்கே தேவைப்பட்டவை உளுந்து சேர்த்துச் சமைத்த சோறு, கால் நட்டுப் போட்ட பந்தல், பந்தலுக்கடியில் பரப்பிய புது மணல், விளக்கு, மாலை. விடியலில் பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் பூவும் நெல்லும் இட்ட நீரால் மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துகிறார்கள். தீ வளர்த்ததாகவோ புரோகிதர் வந்ததாகவோ பேச்சில்லை. 136ஆம் பாட்டில் இறைச்சி சேர்ந்த சோறு வருகிறது; வாகை இலையையும் அறுகின் முளையையும் பூ அரும்போடு வெண்ணூலில் சேர்த்துச் சூட்டுகிறார்கள். எல்லாமே ஊருக்குள் கிடைப்பவை, ஊரார் கையால் ஆனவை.

ஆனால் "எளிமைதான் நம் மரபு" என்று இதை வைத்து முடித்துவிட முடியாது. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து வணிகர்கள் பெண்களை யானை மேல் ஏற்றி ஊரெங்கும் சேதி சொல்லி அனுப்புகிறார்கள். நீல விதானமும் முத்துப் பந்தலும் போட்டு, வேத முறைப்படி தீவலம் வரச் செய்து கோவலனுக்கும் கண்ணகிக்கும் மணம் முடிக்கிறார்கள். எளிமை, பகட்டு இரண்டுமே நமக்குப் பழையவை. எதை எடுத்துக்கொள்வது என்பதை அந்தந்தக் காலத்து மனிதர்கள்தான் முடிவு செய்திருக்கிறார்கள், இன்றும் அப்படித்தான்.

தாத்தா, பாட்டி காலத்து வீட்டுக் கல்யாணத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் பலர். அந்த ஏக்கத்தில் உண்மை இருக்கிறது. வாசலில் சவுக்குக் கம்பு நட்டுக் கீற்று வேய்ந்த பந்தல், முகூர்த்தக்கால், முளைப்பாலிகை, நலங்கு, ஊஞ்சல் என்று பல நாள் நீண்ட வேலையில் தெருவே பங்கெடுத்தது. யாழ்ப்பாணத்தில் கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு உறவுப் பெண்கள் கூடிப் பலகாரம் சுடுவதற்கே 'பலகாரச் சூடு' என்று பெயர். தாலிக்குப் பொன்னை உருக்குவது அங்கே தனிச் சடங்கு. அப்போது நடும் முள்முருக்கங் கொப்பு பிறகு துளிர்த்து வீட்டு மரமாகிவிடும். கொங்கு நாட்டில் அருமைக்காரர் முன்னின்று சீர்களை நடத்திவைப்பார்; மங்கல வாழ்த்துப் பாடுவது நாவிதரின் உரிமை. செட்டிநாட்டில் வளவும் முகப்புமாகக் கட்டிய பெரிய வீடே கல்யாணக் கூடம்.

இந்த ஏக்கத்தில் மறைந்துபோகும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்றைய கைவேலையில் பெரும்பகுதி விருப்பத்தோடு செய்ததில்லை. நடைபாவாடை விரித்த வண்ணாரும், முகம் மழித்த நாவிதரும், அரசாணிப் பானை கொண்டுவந்த குயவரும், பறை அடித்தவரும் அந்த வேலையைச் செய்யாமல் இருக்க முடியாது. கூலி நெல்லாகவும் பழைய துணியாகவும் வந்தது. எல்லோரும் உண்ட பந்தியில் அவர்களில் பலருக்கு இடமில்லை. வீட்டுப் பெண்களின் நிலையும் சுகமானதில்லை. நான்கு நாள் கல்யாணத்தில் நான்கு நாளும் அடுப்படியிலேயே நின்று, தாலி கட்டும் நேரத்தில் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்த அத்தைகளும் சித்திகளும் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. கல்யாண மண்டபமும் சமையல் காண்டிராக்டும் வந்தபோது முதலில் மூச்சு விட்டவர்கள் அவர்கள்தான். மண்டபத்தைப் பழிப்பதற்கு முன்பு அந்த நிம்மதிக்குரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும்.

ஆகவே இன்று கைவேலைக் கல்யாணம் என்றால் பழைய வீட்டுக் கல்யாணத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவருவதாக இருக்கக் கூடாது. விருப்பமுள்ளவர்கள் விரும்பிச் செய்வது, கலை தெரிந்தவர்களுக்கு உரிய கூலி கொடுத்துச் செய்யச் சொல்வது, மீதியை விட்டுவிடுவது என்று புதிதாக ஒரு ஏற்பாடு வேண்டும்.

அதற்கான வழியைச் சென்ற நூற்றாண்டின் சீர்திருத்தக்காரர்கள் ஏற்கெனவே போட்டுவைத்திருக்கிறார்கள். 1928இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்த கல்யாணத்தை முதல் சுயமரியாதைத் திருமணமாகக் குறிப்பிடுவார்கள். சடங்கு இல்லை, புரோகிதர் இல்லை. ஒரு தலைவர், சில பேச்சுகள், மணமக்கள் சொல்லும் உறுதிமொழி, மாலை மாற்றுதல், அவ்வளவுதான். 1950களில் நீதிமன்றம் இத்தகைய கல்யாணம் சட்டப்படி செல்லாது என்று சொன்னது. அண்ணா முதல்வரானதும் 1967இல் இந்துத் திருமணச் சட்டத்துக்குத் திருத்தம் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்னரே நடந்த கல்யாணங்களும் அதனால் செல்லுபடியாயின.

அந்தத் திருத்தம் சேர்த்த 7-ஏ பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். சொந்த விருப்பப்படி கல்யாணம் செய்துகொள்ள நினைக்கும் இருவருக்கு அதைவிட இடம் கொடுக்கும் சட்டம் வேறு இருக்குமா தெரியவில்லை. உறவினர், நண்பர் அல்லது வேறு ஆட்கள் முன்னிலையில், தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரை ஒருவர் கணவன், மனைவியாக ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றிக்கொள்ளலாம், அல்லது மோதிரம் அணிவிக்கலாம், அல்லது தாலி கட்டலாம். இவற்றில் ஒன்று நடந்தாலே கல்யாணம் நிறைவு. மண்டபமும் முகூர்த்த நேரமும் சட்டத்தின் பார்வையில் நம் விருப்பம். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், இத்தகைய கல்யாணத்தை ஊரறிய அறிவித்து நடத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று தெளிவுபடுத்தியது. வீட்டை எதிர்த்து மணந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு அது பெரிய காப்பு.

இந்தப் பிரிவு மணமக்கள் இருவரும் இந்துக்களாக இருக்கும்போதுதான் பொருந்தும். மதம் மாறாமல் மதம் கடந்து மணப்பவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. பதிவாளரிடம் 30 நாள் முன்னறிவிப்பு, கையெழுத்துப் போட மூன்று சாட்சிகள். அலுவலகத்தில் கையெழுத்து முடித்து, அன்று மாலையோ அடுத்த வாரமோ தங்கள் இஷ்டப்படி ஒரு கூடலை வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. சட்டம் ஒரு பக்கம், கொண்டாட்டம் ஒரு பக்கம் என்று பிரித்துவிடுவதால் கொண்டாட்டத்தில் பதற்றம் குறைகிறது. இஸ்லாமிய நிக்காஹ் இயல்பிலேயே சுருக்கமானது: இருவரின் சம்மதம், சாட்சிகள், மணமகன் தரும் மஹர். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குக் கோயிலில் ஓலை (மண அறிவிப்பு) வாசித்து முடிந்திருந்தால் கல்யாண ஆராதனை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். எல்லா மதத்திலும் கல்யாணத்தின் நடு நிகழ்ச்சி சிறியதுதான். கனப்பது அதைச் சுற்றி நாம் ஏற்றிவைக்கும் சுமை.

அந்தச் சுமையை இறக்கிய பிறகும் மிஞ்சும் கைவேலையின் மதிப்பைக் காட்ட ஓர் உதாரணம். 1942 மார்ச்சில் அலகாபாத் ஆனந்த பவனத்தில் இந்திராவுக்கும் பெரோஸுக்கும் நடந்த கல்யாணத்தில், சிறையில் இருந்தபோது நேரு நூற்ற நூலில் நெய்த இளஞ்சிவப்புக் கதர்ச் சேலையைத்தான் மணப்பெண் உடுத்தினார். நாடே அறிந்த செல்வந்தர் வீடு அது. எந்தப் பட்டையும் வாங்கியிருக்கலாம். தகப்பன் கைபட்ட நூல் என்பதால் அந்தச் சேலை இன்றும் பேசப்படுகிறது.

இனி எண்ணிக்கை. இதில்தான் பெரும்பாலான வீடுகளில் பேச்சு முறிகிறது. "நூறு பேர் போதும்" என்று பிள்ளை சொல்ல, "ஊர்ல தலைகாட்ட வேண்டாமா?" என்று அப்பா கேட்பார். அப்பாவின் கவலையைப் பகட்டு என்று தள்ளிவிடுவது தவறு. அவர் முப்பது வருடமாக ஊரில் உள்ள எல்லாக் கல்யாணத்துக்கும் போய் மொய் எழுதியிருக்கிறார். மொய் நோட்டில் இருப்பது வெறும் கணக்கு இல்லை. கொடுத்தது திரும்பி வரும் நாள் தன் பிள்ளையின் கல்யாணம் என்ற நம்பிக்கை. அழைக்காமல் விட்டால் பணத்தோடு உறவும் போகும். வங்கிக் கடன் எளிதில் கிடைக்காத சனங்களுக்கு மொய்தான் பெரிய தொகை கையில் வரும் ஒரே வாய்ப்பாக இருந்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் அழைப்பைக் குறைக்கச் சொன்னால் அது பெற்றோரின் சேமிப்பில் கை வைப்பது.

இதற்கு ஒரு வழியும் நம் ஊரிலேயே இருக்கிறது. புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைப்பார்கள். கல்யாணம், காதுகுத்து என்று எந்தக் காரணமும் வேண்டாம். கறிச்சோறு போட்டு, மேசை போட்டு மொய் வாங்கி நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அதாவது மொய்யையும் கல்யாணத்தையும் தனித்தனியே நடத்த முடியும் என்பதை அந்த ஊர்க்காரர்கள் காட்டிவிட்டார்கள். தாலி கட்டு நெருங்கிய எண்பது பேர் முன்னிலையில். இரண்டு மாதம் கழித்துச் சொந்த ஊரில் பெற்றோர் தங்கள் பெயரில் ஒரு விருந்து. அழைப்பும் மொய்யும் அவர்களுடையவை. மணமக்கள் வந்து அரை மணி நேரம் எல்லோரையும் வணங்கி, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். இரண்டு தலைமுறையின் நியாயமும் காக்கப்படுகிறது. செலவு இரட்டிப்பாகும் என்று பயப்படுவார்கள். இரண்டாவதில் மேடை, நகை, புகைப்படப் படை எதுவும் தேவைப்படாது என்பதால் அப்படி ஆவதில்லை.

சின்னக் கல்யாணம் நடக்கும் என்பதற்கு 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு சாட்சி. கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று அரசு வரம்பு வைத்தது. விருப்பத்தோடு வந்ததில்லை அது. அந்த நாட்களின் துயரம் இன்னும் ஆறவில்லை. ஆனால் மொட்டைமாடியிலும் வீட்டுக் கூடத்திலும் நடந்த அந்தக் கல்யாணங்களைப் பற்றி, "வந்த எல்லார்கிட்டயும் பேச முடிஞ்சுது" என்று மணமக்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மூன்று மணி நேரம் மேடையில் நின்று, வரிசையில் வருகிறவர்களோடு படம் பிடித்துக்கொள்ளும் வரவேற்பில் அந்த ஒன்று கிடைப்பதே இல்லை.

எண்ணிக்கை நூற்றுக்குள் வந்துவிட்டால் கைவேலைக்கு வழி தானாகத் திறக்கும். எண்ணூறு தாம்பூலப் பை தைக்க முடியாது, எண்பது முடியும்.

எதை நாமே செய்வது, எதைக் கலைஞரிடம் விடுவது என்பதில் எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொண்டு, கூடி உட்கார்ந்து, பேசிக்கொண்டே செய்யக் கூடியதை வீட்டார் செய்யலாம். வருடக்கணக்காகக் கை பழகினால்தான் வரும் என்பதை அதில் பழகியவரிடம் விட்டுவிட வேண்டும்.

குருத்தோலைத் தோரணம் முதல் வகை. தென்னையின் விரியாத குருத்தை வெட்டிவந்தால் ஓலை இளமஞ்சளாக, துணிபோல வளையும். நடு ஈர்க்கை உருவிவிட்டு, முழம் அளவுக்கு நறுக்கி, நகத்தால் கீறி, மடித்துச் செருகினால் கிளி, குருவி, வாள் என்று உருவங்கள் வரும். தாத்தாக்களுக்கு இது இன்னும் கை மறக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். இரண்டு தலைமுறையையும் ஒரே பாயில் உட்காரவைக்கும் வேலை இதுபோல வேறில்லை. மடிப்பை மட்டும் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நல்ல காரியத்துக்குக் குருவித் தலை மேல் நோக்கியிருக்கும், துக்கத்துக்குக் கீழ் நோக்கியிருக்கும். யாழ்ப்பாணத்தில் இதைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். முந்தின நாள் மாலையில் செய்து ஈரச் சாக்கில் சுற்றிவைத்தால் காலையில் வாடாமல் இருக்கும். இரண்டு நாள் முன்பே செய்தால் சுருண்டு பழுப்பேறிவிடும்.

கோலமும் அப்படித்தான். பச்சரிசியை ஊறவைத்து அரைத்த மாவில் துணியை நனைத்து, மோதிர விரல் வழியே ஒழுகவிட்டு இழை இழுத்து, ஓரத்தில் காவி பூசினால் அதற்கு மேல் தரைக்கு அலங்காரம் வேண்டாம். ஒட்டும் பிளாஸ்டிக் கோலத் தாளைப் போட்டு அந்த இடத்தை அடைப்பதைப் பார்க்க மனம் வலிக்கிறது. ஆரத்தித் தண்ணீருக்கும் சாயப்பொடி தேவையில்லை. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் தானே சிவக்கும். அதைக் குழந்தைகள் முன்னால் கரைத்துக் காட்டுங்கள்.

பூ கொஞ்சம் சிக்கல். சரம் தொடுக்க வீட்டில் நாலு பேருக்காவது தெரிந்திருக்கும். வாழைநாரை நனைத்துக் கிழித்து வைத்துக்கொண்டு, அரும்பாக வந்த மல்லியை முந்தின நாள் மாலையில் தொடுக்க உட்கார்ந்தால், பெண்ணுக்கும் வந்தவர்களுக்கும் ஆன சரம் இரவுக்குள் முடிந்துவிடும். அரும்பு விரிவதற்குள் தொடுத்தாக வேண்டும் என்பதால் காலையில் பறித்ததைப் பகலிலேயே வாங்கிவர ஓர் ஆளை ஏற்பாடு செய்ய வேண்டும். தை முகூர்த்தத்தில் பனியால் வரத்து குறைந்து மதுரை மல்லி கிலோ ஆயிரங்களில் விற்கும். அப்போது சம்பங்கியும் செவ்வந்தியும் மரிக்கொழுந்தும் சேர்த்த கதம்பம் அழகும் சிக்கனமும். ஆனால் மணமாலையை வீட்டில் கட்ட முயல வேண்டாம். கனமும் வளைவும் இரண்டு பக்கமும் ஒத்து வருவது பழகிய கைக்குத்தான் சாத்தியம். நாகர்கோவில் பக்கத்துக் கல்யாணம் என்றால் தோவாளையில் சொல்லி மாணிக்கமாலை கட்டச் சொல்லலாம். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை மூன்றையும் மடித்து வரிசையாக அடுக்கி, பாய்போலத் தட்டையாகக் கட்டும் மாலை அது. தூரத்திலிருந்து பார்த்தால் கல் பதித்ததுபோல மின்னும். 2025இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

கலைஞர்களிடம் விட வேண்டியவற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது பத்தமடைப் பாய். தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையை அறுத்து, காயவைத்து, தண்ணீரில் ஊறவைத்து, மறுபடி காயவைத்து, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய இழையாகக் கிழித்து, பருத்திப் பாவில் நெய்கிறார்கள். நெய்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். மணமக்கள் பெயரையும் கல்யாணத் தேதியையும் எழுதிக் கொடுத்தால் பாயிலேயே நெய்து தருவார்கள். தொட்டால் பட்டு. சுருட்டினால் கைக்குள் அடங்கும். எல்லா மதத்துக் கல்யாணத்துக்கும் அந்தப் பாய் போயிருக்கிறது. நயமான ரகத்துக்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் தேதி குறித்த உடனே சொல்லிவிட வேண்டும். மேடை அலங்காரத்துக்கு ஆகும் செலவில் சின்னப் பங்குதான் அதன் விலை. பேரம் பேசாமல் கொடுங்கள். செட்டிநாட்டில் பனையோலையில் பின்னும் கொட்டானும் இப்படியே. வெற்றிலை, பாக்கு, பலகாரம் வைத்துக் கொடுக்க அதைவிடப் பொருத்தமான கூடை இல்லை. வழக்கொழிந்துகொண்டிருந்த அந்தப் பின்னலை ஒரு தலைமுறைக்கு முன்பு மீட்டெடுத்து மறுபடி பெண்களுக்கு வேலையாக்கினார்கள்.

அழைப்பிதழ்: சிவகாசியில் அச்சிட்டதும் சென்னை ஆண்டர்சன் தெருவில் வாங்கியதும் எல்லோர் வீட்டிலும் ஒன்றுபோல இருக்கும். நூறு அழைப்பு என்றால், மணமக்களில் யாருக்குக் கையெழுத்து நன்றாக இருக்கிறதோ அவர் ஒரு முறை எழுதி, அதைப் படியெடுத்து, ஒவ்வொன்றிலும் பெயரை மட்டும் கையால் எழுதலாம். பாட்டியிடம் எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. தாம்பூலத்துக்கு மஞ்சப்பை. மணமக்கள் பெயர் அச்சிட்ட மஞ்சள் துணிப்பை ஒரு காலத்தில் எல்லா வீட்டு ஆணியிலும் தொங்கியது. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியபோது பலருக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதத் தட்டு, காகிதக் குவளை எல்லாம் தடைப் பட்டியலில் இருப்பதையும் சமையல்காரரிடம் முன்கூட்டியே நினைவூட்டிவிடுங்கள்.

சாப்பாட்டில் என் கருத்து கறாரானது: முகூர்த்தச் சாப்பாட்டை வீட்டார் சமைக்கக் கூடாது. ஒரு கிலோ அரிசி எட்டு முதல் பத்துப் பேருக்கு வரும் என்ற கணக்கில் நூறு பேருக்குச் சோறு மட்டும் 10, 12 கிலோ. சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், பாயசம் என்று போனால் அது தொழில் தெரிந்தவர்கள் வேலை. வீட்டுப் பெண்களை மறுபடி அடுப்படிக்கு அனுப்பிவிட்டு அதற்குக் கைவேலை என்று பெயர் வைப்பது அநியாயம். உள்ளூர் சமையல்காரர் ஒருவரை அமர்த்தி, ஐட்டம் எண்ணிக்கையைக் குறைத்து, இலையில் வைப்பது எல்லாம் சுவையாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். வீட்டின் கை தெரிய ஒன்றிரண்டு பலகாரம் இருக்கட்டும். கைமுறுக்குச் சுற்றத் தெரிந்த ஒரு மாமி இருந்தால் அவரை நடுவில் உட்காரவைத்து மற்றவர்கள் கற்றுக்கொள்ளலாம். ஐந்து சுற்று, ஏழு சுற்று என்று மாவை விரலால் முறுக்கிக்கொண்டே போவதைப் பார்ப்பதே விருந்து. வாரம் தாங்கும் பலகாரம் என்பதால் அவசரமும் இல்லை. ஆண்கள் பரிமாறட்டும். சொந்தக்காரர் பார்த்துப் பார்த்துப் பரிமாறும் பந்திக்கும், சீருடை ஆட்கள் ஓடி ஓடிப் பரிமாறும் பந்திக்கும் உள்ள வேறுபாடு சாப்பிடுகிறவர்களுக்கு உடனே தெரியும்.

வேலைப் பங்கீட்டில் ஒரு எச்சரிக்கை. நான் பார்த்த பல கைவேலைக் கல்யாணங்களில் எல்லாச் சுமையும் மணப்பெண் தலையிலேயே விழுந்தது. பகலில் அலுவலகம், இரவில் தாம்பூலப் பைக்கு நாடா கோப்பது, கல்யாணத்தன்று கண்ணுக்குக் கீழே கருவளையம். மணமகனுக்குச் சமமாக வேலை இல்லையென்றால் அதைத் தொடங்கவே வேண்டாம். முதல் மாதமே இருவரும் உட்கார்ந்து, உண்மையிலேயே பிடித்த மூன்று நான்கு வேலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் துணிந்து விட்டுவிட வேண்டும். புகைப்படத்துக்காக மட்டும் செய்கிற வேலை எது என்று கேட்டுக்கொண்டால் பட்டியல் பாதியாகிவிடும்.

கல்யாண நாளின் வேகத்தைக் குறைக்க, முகூர்த்தத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லாத ஒரு மணி நேரத்தை விடுங்கள். உறவுகள் பேசிக்கொள்வது அப்போதுதான். சடங்கு செய்வதென்றால் புரோகிதரிடமோ பெரியவரிடமோ முன்பே பேசி, ஒவ்வொன்றையும் எதற்காகச் செய்கிறோம் என்று வந்தவர்களுக்கு இரண்டு வரியில் சொல்லச் சொல்லலாம். புரிந்தால் கூட்டம் தானாக அமைதியாகும். விடிகாலை முகூர்த்தமென்றால் ஒலிபெருக்கிக்குக் காலை 6 மணி வரை அனுமதி இல்லை. அதுவும் நல்லதற்கே. ஒலிபெருக்கி இல்லாத வாசலில் நாதஸ்வரத்தை அதன் இயல்பான குரலில் கேட்கலாம். குழுவுக்கு உட்கார நல்ல இடமும், முதல் பந்தியில் இலையும் கொடுக்க மறக்காதீர்கள்.

வெளிநாட்டுத் தமிழர்களுக்கு இந்தக் கேள்வி வேறு விதமாக வரும். குருத்தோலையும் வாழைமரமும் கிடைக்காத ஊரில் எதை விடுவது, எதை விடாமல் வைத்துக்கொள்வது? 1963இல் ஆனந்த விகடனில் சாவி எழுதிய 'வாஷிங்டனில் திருமணம்' இதையே சிரிக்கச் சிரிக்கச் சொன்னது. அப்பளம் இடப் பாட்டிகளையே விமானத்தில் கூட்டிப் போவார்கள். டொரண்டோவிலும் லண்டனிலும் வாழும் ஈழத் தமிழர்களில் பலர் மணவறையை வாடகைக்கு எடுத்தாலும் பலகாரச் சூட்டை விடுவதில்லை. அவர்கள் தேர்வு சரியென்றே படுகிறது. அலங்காரத்தை எங்கும் வாங்கலாம். கூடிச் செய்யும் ஒரு நாளை வாங்க முடியாது.

கடைசியாகப் பதிவு. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்துக் கல்யாணமானாலும் நடந்த 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு. பதிவு அலுவலகத்தில் சான்றாகக் கல்யாண அழைப்பிதழைக் கேட்பார்கள். கையால் எழுதிப் படியெடுத்த அழைப்பு அழகாக இருந்தாலும் அதில் மணமக்கள் பெயர், பெற்றோர் பெயர், தேதி, நேரம், நடக்கும் இடத்தின் முழு முகவரி எல்லாம் தெளிவாக இருக்கட்டும். நாலைந்து படிகளை யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைத்துவிடுங்கள். சாட்சிக் கையெழுத்துப் போட வருகிறவர்களை முன்பே முடிவு செய்து, அடையாள அட்டையோடு ஒரு நாள் ஒதுக்கச் சொல்லிவிட்டால் அந்த வேலையும் ஒரு காலையில் முடிந்துவிடும்.